கரையில் உறங்குகிறவர்: செருக்குத் தணிந்து அக்கறை பிறக்கும் அறிவியல் புனைகதையை எழுதுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அறிவியல் புனைகதை எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு மேதையைக் கூட்டிக்கொண்டே வருகிறார்கள். அந்த மேதை யாருக்கும் வாய்க்காத அறிவு படைத்தவர், யார் சொல்லையும் கேளாதவர். கதையின் முக்கால் பங்கு வரை சுற்றியிருப்பவர்களைக் கருவிகளைப் போலப் பயன்படுத்துகிறார். பிறகு ஒரு விபத்து நேர்கிறது, கண்ணீர் வருகிறது, கடைசிப் பத்தியில் நல்லவராகிவிடுகிறார். மதுரையில் எங்கள் தெருவில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிக் கதை வாசிக்கும் சிறு குழுவில் இத்தகைய கதைகளைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன், நானும் எழுதியிருக்கிறேன். அப்படி நான் எழுதிய ஒன்றைத் திண்ணையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் அப்பத்தா, “அவன் கெட்ட கதைய இம்புட்டு நேரம் வாசிச்ச, திருந்துன கதைய மட்டும் ஏன்யா ஒரே மூச்சுல முடிச்சுப்புட்ட?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடியதில் கற்றுக்கொண்டவற்றையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டு இல்லாமல் முறையை மட்டும் சொன்னால் மனத்தில் தங்காது என்பதால், ஒரே கதையை இந்த வழிகாட்டி முழுவதும் கட்டிக்கொண்டே போகலாம். ஆண்டு 2078. அங்கயற்கண்ணி என்னும் 36 வயதுப் பொறியாளர், வைகை அணையின் மதகுகளையும், பெரியாறு பிரதானக் கால்வாயையும், அதிலிருந்து நீர் பெறும் கண்மாய்களையும் ஒருங்கே இயக்கும் ஒரு செயற்கை அறிவை வடிவமைத்திருக்கிறார். சோணைமுத்து என்னும் 70 வயது நீர்பாய்ச்சி, மேலூர்ப் பக்கம் கடைமடையில் இருக்கும் ஒரு கண்மாயின் மடையைத் தலைமுறை தலைமுறையாகத் திறந்து மூடும் குடும்பத்தைச் சேர்ந்தவர். கதை ஐப்பசி மழையில் தொடங்கித் தை அறுவடையில் முடிகிறது.

முதல் படி: எந்த வகைச் செருக்கு என்று தீர்மானியுங்கள்

தமிழில் இந்தக் குணத்துக்கு எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. அவை ஒன்றற்கொன்று மாற்றுச் சொற்களும் ஆகமாட்டா. திமிர் உடம்பிலும் நடையிலும் தெரிவது. தலைக்கனம் பதவியோ பணமோ வந்த பிறகு ஏறுவது. எகத்தாளம் நாக்கில் வெளிப்படுவது. மிதப்பு என்பதோ, எதிரில் ஒருவர் நிற்பதே கண்ணில் படாத நிலை. எழுதத் தொடங்குமுன் உங்கள் பாத்திரத்துக்கு இவற்றுள் ஒன்றை மட்டும் கொடுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தால் அவர் மனிதராக இல்லாமல் நாடக வில்லனாக ஆகிவிடுவார்.

என் கருத்தில் அறிவியல் புனைகதைக்கு மிகவும் பொருந்துவது மிதப்புத்தான். செயற்கைக்கோளிலிருந்தும், கட்டுப்பாட்டு அறையிலிருந்தும், வரைபடத்தின் மேலிருந்தும் பார்க்கிறவருக்குக் கீழே இருப்பவர்கள் புள்ளிகளாகத் தெரிவது அவருடைய தொழிலின் இயல்பாகவே இருக்கிறது. அங்கயற்கண்ணி யாரையும் திட்டமாட்டார், குரலை உயர்த்தமாட்டார், தன்னிடம் பேச வருகிறவர்களுக்கு நாற்காலி போடச் சொல்வார். ஆனால் அவர்கள் பேசி முடித்த பிறகு என்ன பேசினார்கள் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. இப்படிப்பட்ட செருக்கை வாசகர் முதலில் ஒரு குறையாகவே எண்ணமாட்டார் என்பதுதான் அதன் பயன்.

இரண்டாம் படி: செருக்குக்கு நியாயம் செய்யுங்கள்

தகுதியில்லாதவரின் செருக்கை உடைப்பதில் கதையே இல்லை. உங்கள் பாத்திரம் பெரும்பாலும் சரியாகச் சொல்கிறவராக இருக்க வேண்டும். முதல் இரண்டு பக்கங்களில் ஒரு முறையாவது, எல்லோரும் தவறென்று சொன்னதை அவர் தனியாக நின்று சரியென்று நிறுவ வேண்டும்.

மதுரை மண்ணில் இதற்கான அடித்தளம் ஆழமாகவே இருக்கிறது. மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்றை அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பிய வேலை 1895-இல் முடிந்தது. ஆண்டிபட்டிக்கு அருகே 71 அடி நீரைத் தேக்கும் வைகை அணை 1959-இல் திறக்கப்பட்டது. பொறியாளர்கள் இந்தப் பகுதியின் சோற்றுத் தட்டையே மாற்றியிருக்கிறார்கள் என்பதை யாராலும் மறுக்க முடியாது. அங்கயற்கண்ணி தன்னை அந்த வரிசையில் வைத்துப் பார்ப்பவர், அப்படிப் பார்ப்பதற்கு அவருக்கு உரிமையும் உண்டு: அவருடைய செயற்கை அறிவு இரண்டு வறட்சிகளில் கடைமடை வரை நீரைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. இதைக் கதையில் ஒரு காட்சியாகவே எழுதுங்கள். அடைமொழியாகச் சொல்லிக் கடந்து போக வேண்டாம்.

மூன்றாம் படி: உங்கள் கற்பனைக் கருவியையே நெம்புகோலாக்குங்கள்

இந்தப் படியில்தான் அறிவியல் புனைகதை மற்றக் கதைகளிலிருந்து பிரிகிறது. ஆகவே இதில் சற்று நீண்ட நேரம் நிற்கப் போகிறேன். குடும்பக் கதையில் ஒருவரின் செருக்கு வேலை இழப்பாலோ, நோயாலோ, பிள்ளைகளின் பிரிவாலோ உடையலாம். அறிவியல் புனைகதையில் அந்த வேலையைக் கதைக்கென நீங்கள் கற்பித்த அறிவியல் செய்ய வேண்டும். சோதித்துப் பார்ப்பதும் எளிது: கருவியைக் கதையிலிருந்து எடுத்துவிட்ட பிறகும் பாத்திரம் அதே மாதிரி மாறுகிறார் என்றால், அந்தக் கதைக்கு அறிவியல் தேவைப்படவில்லை என்று பொருள்.

எப்படிப்பட்ட கருவி பொருந்தும் என்பதற்கு எங்கள் ஊரிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. ஆவணி மாதத்தில் ஆரப்பாளையம் பக்கத்துப் புட்டுத்தோப்பில் நடக்கும் பிட்டுத் திருவிழாவை மதுரைக்காரர்கள் எல்லோரும் அறிவார்கள். வைகை பெருகிக் கரை உடைந்தபோது வீட்டுக்கு ஒரு பங்கு கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டான். பிட்டு விற்றுப் பிழைத்த வந்தி என்னும் முதியவளுக்கு ஆள் இல்லை. உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்றுக்கொண்டு கூலியாளாக வந்த இறைவன், மண் சுமக்காமல் கரையில் படுத்து உறங்கினான். மன்னன் பிரம்பால் அடித்தான். அந்த அடி மன்னன் உட்பட எல்லோர் முதுகிலும் விழுந்தது. பக்தியைத் தனியே வைத்துவிட்டு ஒரு கதைக்காரராக மட்டும் இதைப் பாருங்கள். மன்னனுக்கு யாரும் அறிவுரை சொல்லவில்லை; யாரும் அவனைப் பழிக்கவும் இல்லை. அடித்தவனுக்கும் அடிபட்டவனுக்கும் இடையில் இருந்த தூரம் ஒரு கணம் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான்.

அந்தத் தூரத்தைக் குறைக்கும் கருவியை உண்மையான அறிவியலிலிருந்து எடுக்க முடியுமா என்று தேடியபோது, எனக்குக் கிடைத்ததும் ஒரு முதுகுதான். பால் பாக்-இ-ரிட்டா என்னும் அமெரிக்க அறிஞரும் அவருடைய குழுவினரும் 1969-இல் வெளியிட்ட ஆய்வில், பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் நாற்காலி ஒன்றின் முதுகுப்பலகையில் 400 அதிர்வு முனைகளைப் பதித்தார்கள். ஒரு கேமரா பார்க்கும் காட்சி அந்த முனைகளின் அதிர்வாக மாறியது. பார்வையற்றவர்கள் அதில் சாய்ந்து அமர்ந்து, பயிற்சிக்குப் பின் எதிரிலிருந்த பொருள்களை முதுகின் வழியாகவே இனம் கண்டார்கள். இதில் கதைக்காரர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. கேமரா அவர்கள் கையில் இல்லாதபோது முதுகில் வெறும் குறுகுறுப்பு மட்டுமே இருந்தது. கேமராவைத் தம் கையால் தாமே திருப்பிப் பழகிய பிறகுதான், தமக்கு வெளியே, எதிரில், ஒரு பொருள் இருப்பதை உணர்ந்தார்கள்.

இப்போது நம் கதைக்கு வருவோம். அங்கயற்கண்ணியின் கட்டுப்பாட்டு அறையில் 400 அதிர்வு முனைகள் கொண்ட நாற்காலி ஒன்று இருக்கிறது. அதே முனைகள் தைத்த மேற்சட்டை ஒன்றும் இருக்கிறது. அணை, கால்வாய், கண்மாய்களின் நீர்மட்டம் அவர் முதுகில் ஓடுகிறது. ஆனால் ஒவ்வொரு கண்மாயும் அவருக்குத் தனித்தனியே தெரிவதில்லை. விரல் நுனியில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்த இரண்டு ஊசிமுனைகளை இரண்டாகவே உணரும் நம் தோலுக்கு, முதுகில் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் இடைவெளி தேவைப்படுகிறது. முதுகு மந்தமான உறுப்பு. ஆகவே நூற்றுக்கணக்கான கண்மாய்களைச் சில தொகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுப்பின் சராசரியை மட்டும் உணரும்படி அவர் அமைத்துக்கொண்டார். பொறியியலின்படி அது நேர்மையான முடிவு. மனிதர்களைச் சராசரியாகப் பார்க்கும் பழக்கத்துக்கு உடற்கூற்றிலேயே ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்பதுதான் அதன் ஆபத்து. இவ்வாறு செருக்கும் கருவியும் ஒரே முடிச்சில் சேர வேண்டும். முடிச்சு அவிழும்போது இரண்டும் சேர்ந்து அவிழும்.

நான்காம் படி: எதிரில் நிற்பவருக்கு அவருடைய சொந்த அறிவைக் கொடுங்கள்

செருக்குள்ள படித்தவருக்கு எதிரே ஒரு வெள்ளந்தியான கிராமத்துப் பெரியவரை நிறுத்தி, அவரை ஞானியாக்கி, நாலு பழமொழி சொல்ல வைப்பது நம்மிடையே பரவலான பழக்கம். இது மரியாதையைப் போலத் தோன்றினாலும், அவரையும் கருவியாகவே பயன்படுத்துவதாகும். சோணைமுத்துவுக்கு வேலை தெரியும். அவருடைய மதிப்பு அந்த வேலையறிவிலிருந்து வரட்டும். அவருக்குக் குறைகளும் இருக்கட்டும்: அண்ணன் மகனோடு ஆறு ஆண்டுகளாகப் பேச்சு வார்த்தை இல்லை, முறை வைத்துத் தண்ணீர் விடுவதில் தனக்கு வேண்டியவர்களின் வயலுக்குக் கால் மணி நேரம் கூடுதலாக விடுகிறார் என்று ஊரில் ஒரு பேச்சும் உண்டு.

அவருடைய அறிவு என்ன என்பதைத் துல்லியமாக எழுத வேண்டும். மண்கரையில் கசிவு இருப்பது எப்போதும் ஆபத்தின் அடையாளம் ஆகாது; கசிகிற நீர் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் கரை தாங்கும். கசிவு கலங்கலாக வந்தால், நீர் உள்ளிருந்து மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது, கரைக்குள் ஒரு குழாய் உருவாகிறது என்று பொருள். உலகெங்கும் மண் அணைகளைக் கண்காணிப்பவர்கள் இதே கலங்கலைத்தான் தேடுகிறார்கள். அங்கயற்கண்ணி இதைக் கல்லூரியில் படித்தவர். சோணைமுத்து தன் தகப்பனாரோடு கரையில் நடந்து கற்றவர். இருவருக்கும் தெரிந்த ஒரே உண்மை ஒருவருடைய வாயிலிருந்து வரும்போது மற்றவருக்குக் கேட்காமல் போவதுதான் கதையின் விபத்து.

ஐந்தாம் படி: உடையும் காட்சியைச் சிறிதாக வையுங்கள்

செருக்கினால் நேர்ந்த பெரிய அழிவுகளை ஆராய்ந்தால், அவற்றின் நடுவில் பெரும்பாலும் ஒரு சிறிய உரையாடல் இருக்கிறது. 1977 மார்ச் 27 அன்று டெனரிஃப் தீவின் விமான நிலையத்தில், பனிமூட்டத்தில், இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தனர். புறப்பட ஓடத் தொடங்கியிருந்த விமானத்தின் தலைமை விமானி அந்த நிறுவனத்தில் மற்ற விமானிகளுக்கே பயிற்சி அளித்தவர். மற்றொரு விமானம் ஓடுபாதையை விட்டு இன்னும் விலகவில்லையோ என்று அவருடைய விமானப் பொறியாளர் ஐயத்தோடு கேட்டார், விலகிவிட்டது என்று உறுதியாக விடை வந்தது, விமானம் ஓடியது. விமானி அறையில் இளையவரின் ஐயத்தை மூத்தவர் கேட்டே ஆக வேண்டும் என்னும் பயிற்சி முறை அதன் பின்னரே உலகெங்கும் வேரூன்றியது.

நம் கதையில் அந்த உரையாடலுக்கு மூன்று வாய்ப்புகள் கிடைக்கின்றன, ஏனெனில் வைகை அணையில் வெள்ள எச்சரிக்கை 66 அடியில் ஒரு முறை, 68.5 அடியில் ஒரு முறை, 69 அடியில் ஒரு முறை என்று மூன்று கட்டங்களாகவே தரப்படுகிறது. முதல் எச்சரிக்கையன்று சோணைமுத்து அழைக்கிறார்: “தாயி, தெக்குக் கரைக்குள்ளருந்து தண்ணி கலங்கலா வருது. எங்குட்டுத் தண்ணி விட்டாலும் இங்குட்டு மட்டும் ரெண்டு நாள் விடாத.” அங்கயற்கண்ணி, “நான் பார்த்துக்கிறேன் பெரியவரே,” என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, பார்க்கவும் செய்கிறார், நாற்காலியில் சாய்ந்து அந்தத் தொகுப்பின் சராசரியைத்தான் பார்க்கிறார், அது பாதுகாப்பான அளவில் இருக்கிறது. இரண்டாம் அழைப்பை இயந்திரக் குரல் எடுக்கிறது. மூன்றாம் அழைப்பு பதிவாகிறது, யாரும் கேட்கவில்லை. விடியுமுன் கரை உடைகிறது.

இங்கே உங்களிடம் ஒன்றை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்: சோணைமுத்துவைக் கொன்றுவிடாதீர்கள். ஒருவர் திருந்துவதற்காக இன்னொருவர் சாவது, அந்த இன்னொருவரின் வாழ்வைப் பாடப்புத்தகமாக்குவது. செருக்கை விமர்சிக்கும் கதையே செருக்கோடு நடந்துகொள்வது. நட்ட நெல் போகட்டும், இரண்டு ஆடுகள் போகட்டும், வீட்டுச் சுவர் விழட்டும். இழந்தவர் உயிரோடு எதிரில் நிற்பதுதான் தவறு செய்தவருக்குப் பெரிய சுமை. கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபோது பாண்டியன் தன் பிழையை உணர்ந்து அந்த இடத்திலேயே உயிர் நீத்தான் என்பதை மதுரையில் குழந்தைகளும் அறிவார்கள். அது பெரிய நேர்மை. ஆனாலும் அவனுக்கு மறுநாள் என்று ஒன்று இல்லை. அக்கறை கற்பதைப் பற்றிய கதை மறுநாள் காலையில்தான் தொடங்குகிறது.

ஆறாம் படி: அக்கறையை வேலையாக எழுதுங்கள்

என் அப்பத்தாவின் கேள்விக்கு விடை இந்தப் படியில் இருக்கிறது. உங்கள் கதை இருபது பக்கம் என்றால், உடைவுக்குப் பின் வரும் பகுதிக்குக் குறைந்தது எட்டுப் பக்கம் ஒதுக்குங்கள். அந்த எட்டுப் பக்கங்களையும் உணர்ச்சிகளால் நிரப்பாமல் செயல்களால் நிரப்புங்கள். பாத்திரம் மனம் வருந்தினார் என்று எழுதிய ஒவ்வொரு வாக்கியத்தையும் அடித்துவிட்டு, அந்த இடத்தில் அவர் கை என்ன செய்தது என்று எழுதிப் பாருங்கள்.

முதலில் செருக்கு உதவி என்னும் உருவத்தில் திரும்பி வரட்டும். உண்மை வாழ்க்கையில் அப்படித்தான் நடக்கிறது, கதைகளில்தான் இதைத் தாண்டிப் போய்விடுகிறோம். அங்கயற்கண்ணி மறுநாளே டிரோன்களில் உணவுப் பொட்டலங்களை அனுப்புகிறார், இடிந்த சுவருக்குப் பதிலாக அச்சு இயந்திரத்தில் வார்த்த வீடு ஒன்றுக்கு உத்தரவிடுகிறார், இழப்பீட்டைக் கணக்கிட்டுத் தானே வங்கிக் கணக்கில் சேர்க்கிறார். எல்லாம் சரியான தொகை, சரியான நேரம். யாரிடமும் என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. ஊர் அந்த வீட்டில் ஆடுகளைக் கட்டிப்போடுகிறது. ஏன் என்று கேட்க அவர் நேரில் வருகிறார். சோணைமுத்து கரையை விட்டு இறங்காமலே, “வந்தது வந்துட்ட தாயி, அந்த மூட்டைய இங்குட்டு எடுத்துக் குடு,” என்கிறார். அங்கயற்கண்ணி மண் மூட்டையை எடுத்துக் கொடுக்கிறார். அன்று மாலை வரை கொடுக்கிறார்.

அடுத்து, நெம்புகோலை மீண்டும் கையில் எடுங்கள். அறைக்குத் திரும்பிய அங்கயற்கண்ணி, சராசரியை நீக்கிவிட்டு, அந்த ஒரே கண்மாயைத் தன் முதுகு முழுவதிலும் பரப்பிப் பார்க்கிறார். எதையும் உணர முடியவில்லை. குறுகுறுப்பு மட்டுமே இருக்கிறது. இரண்டு இரவுகள் முயல்கிறார். மூன்றாம் நாள் மேற்சட்டையை அணிந்துகொண்டு மடைக்கே போய், சோணைமுத்து காட்டிய விதத்தில் மடைப்பலகையைத் தன் கையால் ஒரு சாண் உயர்த்துகிறார். நீர் பாய்கிறது, அந்தக் கணத்தில் முதுகில் இருந்த அதிர்வு முதுகை விட்டு விலகி, எதிரில், வயலுக்கு வயல் நகரும் நீராக ஆகிறது. 1969-இன் நாற்காலியில் கேமராவைத் தம் கையால் திருப்பியவர்களுக்கு நேர்ந்தது அதுவே. இந்தக் காட்சியை அவசரப்படாமல் எழுதுங்கள். உங்கள் கதையின் அறிவியலும் அறமும் ஒரே செயலில் சேரும் இடம் ஒன்றே ஒன்றுதான் அமையும். அதை விளக்க வேண்டிய தேவையும் இராது.

பாத்திரத்தின் திறமையைப் பறித்துவிடாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பணிவு வந்தவுடன் அறிவு மங்கிவிட்டதாக எழுதுவது பிழை. மதுரையில் இதற்குச் சான்றாக நிற்பவர் கண் மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி. இளம் வயதிலேயே முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன அவர், கோணிய அந்த விரல்களாலேயே கத்தியைப் பிடிக்கப் பழகி, தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் தருகிறவர்களின் கட்டணத்தைக் கொண்டு பணம் இல்லாதவர்களுக்கும் அறுவை செய்ய முடிந்தது. கண்ணுக்குள் பொருத்தும் வில்லையைக் குறைந்த செலவில் செய்யும் ஆலை 1992-இல் ஏற்பட்டது. இரக்கம் என்று நாம் பொதுவாகச் சொல்வது அங்கே ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு மருத்துவர் திரும்ப ஆகும் நேரத்தைக் குறைப்பதாக, வில்லையின் விலையைக் குறைப்பதாக உருவெடுத்தது. அக்கறைக்குத் துல்லியம் பகையாகாது.

ஆகவே அங்கயற்கண்ணி தன் செயற்கை அறிவை அழிப்பதில்லை, திருத்துகிறார். 2019-இல் சந்திரயான்-2 இன் தரையிறங்கு கலம் நிலவில் விழுந்து நொறுங்கிய பிறகு, எவை எவையெல்லாம் தவறக்கூடும் என்ற கேள்வியிலிருந்து தொடங்கி சந்திரயான்-3 வடிவமைக்கப்பட்டது. அது 2023 ஆகஸ்ட் 23 அன்று பத்திரமாக இறங்கியது. அங்கயற்கண்ணியும் அதே கேள்வியோடு உட்காருகிறார். கசிவின் கலங்கலை அளக்கும் கருவிகளைக் கரைகளில் பதிக்கிறார். அதைவிட முக்கியமான மாற்றம் ஒன்றையும் செய்கிறார்: எந்த நீர்பாய்ச்சி கரையிலிருந்து நிறுத்தச் சொன்னாலும் மதகு நிற்கும், காரணம் பிறகு கேட்கப்படும். அவருடைய அமைப்பின் செயல்திறன் இதனால் குறைகிறது. அந்தக் குறைவை அவர் தாங்கிக்கொள்ள வேண்டும். பாத்திரம் எதையும் இழக்காமல் அக்கறை கற்றுக்கொண்டதாக எழுதினால் வாசகர் நம்பமாட்டார்.

ஏழாம் படி: மாற்றத்தை இலக்கணத்தில் காட்டுங்கள்

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு தனிப் பேறு வாய்த்திருக்கிறது. கேட்பவரை விலக்கிச் சொல்லும் ‘நாங்கள்’ வேறு, கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் ‘நாம்’ வேறு. உங்கள் பாத்திரம் முதல் பாதி முழுவதும் ‘நான்’ என்றும், தன் துறையைச் சொல்லும்போது ‘நாங்கள்’ என்றும் பேசட்டும். ‘நாம்’ என்னும் சொல் கதையில் எந்த இடத்தில் முதன்முதலாக வருகிறது என்பதை நீங்கள் முன்கூட்டியே தீர்மானித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லுக்கு அடிக்கோடு போட வேண்டாம், எந்தப் பாத்திரமும் அதைக் கவனித்ததாகக் காட்டவும் வேண்டாம். நம் கதையில் அது, “நாம இந்த மூட்டைய எங்க வைக்கணும்?” என்னும் சாதாரணக் கேள்வியில் வருகிறது.

பெயர்களும் அவ்வாறே. கண்மாய் முதலில் ஒரு தொகுப்பின் உறுப்பாக, எண்ணாக வருகிறது. பிறகு பெரியவர் சொன்ன கண்மாயாக. கடைசியில் ஊர் அழைக்கும் பெயரால். செயற்கை அறிவைக் குறிக்கும் சொல்லிலும் கவனம் தேவை. அதை அஃறிணையில் ‘அது’ என்றே எழுதுவதா, அங்கயற்கண்ணி பாசத்தோடு உயர்திணையில் அழைப்பதா என்பது சிறு விஷயம் இல்லை. இயந்திரத்தை உயர்திணையிலும் கூலியாட்களை ‘ஆட்கள் பத்து’ என்று எண்ணிக்கையிலும் குறிப்பிடும் ஒருவரை முதல் பக்கத்திலேயே காட்டிவிட்டால், அவரைப் பற்றி வேறு விளக்கம் எழுத வேண்டியதில்லை.

எட்டாம் படி: அறிவியலைச் சரிபாருங்கள், பிறகு உரக்க வாசியுங்கள்

இரக்கத்துக்கு அறிவியல் காரணம் தேடும்போது மிகைப்படுத்தும் ஆசை வரும். 1990-களில் இத்தாலியின் பார்மா நகர ஆய்வாளர்கள் குரங்குகளின் மூளையில் கண்ட ஆடி நியூரான்களை (தான் ஒன்றைச் செய்யும்போதும் பிறர் அதைச் செய்வதைப் பார்க்கும்போதும் இயங்கும் நரம்பணுக்களை) மனித இரக்கத்தின் முழு விளக்கமாகச் சொல்லும் கதைகள் ஏராளம். அந்தத் தொடர்பு அறிஞர்களிடையே இன்றும் விவாதத்தில்தான் இருக்கிறது. ஊசி போட்டவுடன் அன்பு சுரக்கும் மருந்தும் வேண்டாம். அது பாத்திரத்தின் உழைப்பைத் திருடிவிடும். கதையை முடித்த பிறகு, அதில் வரும் வேலையை அறிந்த ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். மடைப்பலகை எந்தப் பக்கம் உயரும், மறுகால் பாயும்போது என்ன சத்தம் கேட்கும் என்று அவர் திருத்துவார். அந்தத் திருத்தங்களை வாதாடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

முடிவைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். மன்னிப்பு, நன்றி, பாராட்டு விழா ஆகிய மூன்றும் வருவதற்கு முன்பே கதையை நிறுத்துங்கள். நம் கதையில் அது தை மாத முன்னிரவு. தெற்கே அறுத்து அடுக்கிய நெற்கட்டுகள், வடக்கே பாதி நிறைந்த கண்மாய். மேற்சட்டை வண்டியின் இருக்கையில் கிடக்கிறது. பகலெல்லாம் கரையில் மண் போட்ட சோணைமுத்து, துண்டைத் தலைக்கு வைத்து அங்கேயே படுத்து உறங்கிவிட்டார். அங்கயற்கண்ணி கரையின் அடிவாரத்தில் குந்தி, கசிந்து வரும் நீரை உள்ளங்கையில் ஏந்தி, டார்ச் விளக்கை அதன் மேல் பிடிக்கிறார். கைரேகைகள் நீருக்குள் தெளிவாகத் தெரிகின்றன. விளக்கை அணைத்துவிட்டு, அவரை எழுப்பாமல், அடுத்த கசிவைப் பார்க்கக் கரையோரமாக நடக்கிறார்.